செயலி போட்டுக் கொடுத்த ஆரோக்கியத் திட்டம் நான்காம் நாளே நின்றுபோனது ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வயது 46. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறீர்கள். காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் அமர்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுகிறீர்கள். ஆண்டுப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 என்று வந்தது. பயந்துபோய் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் திட்டம் கேட்டீர்கள். அதிகாலை நான்கரைக்கு எழுவது, பத்தாயிரம் அடி நடப்பது, ஓட்ஸ், கீன்வா, அவகாடோ, மூச்சுப் பயிற்சி, நாட்குறிப்பு, 21 நாளில் எல்லாம் பழக்கமாகிவிடும் என்ற உறுதிமொழி என்று எட்டுப் பக்கத்துக்குக் கொட்டியது. நான்காம் நாள் எல்லாம் நின்றுபோனது. குறை உங்களிடமா, திட்டத்திலா என்பது முதல் கேள்வி. ஓராண்டாக அலுவலக மின்னஞ்சல்களையும் அந்தச் செயலியே எழுதித் தருகிறது, இப்போது அது இல்லாமல் நாலு வரி ஆங்கிலம் எழுத வரவில்லை, இது நல்லதா என்பது இரண்டாவது.

இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அங்கே போவதற்கு முன் அந்த 6.1ஐப் பார்த்துவிடுவோம். நான் மருத்துவர் அல்ல, உணவு ஆலோசகர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோயாளிகளோடு உட்கார்ந்து சோற்றுக் கணக்குப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5ஐத் தொட்டால் நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் உங்களைப்போல வாசற்படியில் நிற்பவர்கள் என்றது அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், இந்த மூன்று மாத எண் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று செயலி கேட்டதா? கேட்டிருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கே திரும்பி வருவேன்.

வாசற்படியிலிருந்து திரும்பிவிட முடியுமா என்றால், முடியும். சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் சுமார் இரண்டரை ஆண்டு பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. உணவையும் நடையையும் மட்டும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 28.2. அதாவது மாத்திரையையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. இது அமெரிக்கச் சாப்பாட்டையும் அமெரிக்க உடம்பையும் வைத்துச் செய்த ஆய்வு அல்ல. நம் ஊர் மனிதர்கள், நம் ஊர் அரிசி.

இனி உங்கள் திட்டம். அதில் இருந்த இரண்டு எண்களுக்கும் சுவாரசியமான பூர்வீகம் உண்டு.

பத்தாயிரம் அடி எந்த மருத்துவ ஆய்விலும் பிறந்ததல்ல. டோக்கியோ ஒலிம்பிக் 1964இல் முடிந்தது. மறு ஆண்டு ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் ‘மான்போ கெய்’, அதாவது பத்தாயிரம் அடி மீட்டர். சொல்ல எளிது, முழு எண், ஒட்டிக்கொண்டது. அறுபது ஆண்டு கழித்து உங்கள் செயலி அதைத்தான் உங்களிடம் ஒப்பித்திருக்கிறது. சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களை வைத்து 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதமே 2,700 அடி நடந்தவர்களைவிட 41 சதவீதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500க்குமேல் கூடுதல் பலன் தெரியவில்லை. 2025இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் 7,000 அடியையே நல்ல இலக்கு என்றார்கள். இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள்தாம். நடந்ததால்தான் ஆயுள் நீண்டது என்று முழுதாக நிரூபிப்பவை அல்ல. என்றாலும் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர் 2,500இலிருந்து 5,000க்கு வருவதே பெரிய சங்கதி. பத்தாயிரம் என்று மலையைக் காட்டி நான்காம் நாளே உங்களை உட்கார வைத்ததுதான் அந்தத் திட்டம் செய்த வேலை.

இருபத்தொரு நாள் கதை இன்னும் வேடிக்கையானது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் ஊர் சுற்றியது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சின்னப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள்: மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் கொஞ்சம் ஓட்டம் என்பதுபோல. அது தானாக நடக்கும் நிலைக்கு வர, நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை என்று கணக்கு வந்தது. எனக்கு அதில் மிகவும் பிடித்த செய்தி வேறு: இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. நான்காம் நாள் நீங்கள் விட்டது குற்றமே அல்ல. ஐந்தாம் நாள் எழுந்து மறுபடி தொடங்காமல் விட்டீர்களே, அதற்கு அந்த எட்டுப் பக்கத்தின் கனம்தான் காரணம். ஒரே நேரத்தில் இத்தனை பழக்கத்தைத் தலையில் ஏற்றினால் கழுத்து என்ன செய்யும்?

ஓட்ஸ், கீன்வா விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்: வேண்டாம். மாவுச்சத்துப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் தினமும் சண்டை போடும் இடம் அது. அதே நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. வெள்ளை அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறினாலும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காதவரை சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை, கலோரியில் வெறும் ஐந்து சதவீதத்தை, பருப்பு, பால் வகைப் புரதமாக மாற்றிக்கொண்டால் ஆபத்து குறைகிறது. ராகிக் களி என்று சொல்லி மூன்று உருண்டை விழுங்குபவர்களிடம் நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருவதைத்தான் இந்த ஆய்வும் சொல்கிறது.

என் அறையில் ஒரு எவர்சில்வர் தட்டும் ஒரு கரண்டியும் வைத்திருக்கிறேன். வருகிறவரிடம் ‘வீட்டில் எவ்வளவு சாதம்?’ என்று கேட்டால் எல்லோரும் ‘கொஞ்சம்தான்’ என்பார்கள். கரண்டியைக் கையில் கொடுத்து, பாத்திரத்திலிருந்து வழக்கம்போலப் போடச் சொல்வேன். சாம்பாருக்கு மூன்று, ரசத்துக்கு இரண்டு, மோருக்கு ஒன்றரை. போட்டு முடித்துத் தட்டைப் பார்த்து அவர்களே சிரிப்பார்கள். இந்தச் சிரிப்பு எந்தச் செயலியிலும் வராது. ஒருமுறை சோதித்துப் பார்க்க, வெண்பொங்கல் தட்டு ஒன்றைப் படமெடுத்து ஒரு செயலியில் போட்டேன். பொங்கல் என்று சரியாகவே கண்டுபிடித்தது. கலோரியையும் நம்பிக்கையோடு சொன்னது. அதில் எத்தனை கரண்டி நெய் ஊற்றினார்கள் என்பது படத்தில் தெரியாதே, நெய் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கோளாறு இங்கேதான் இருக்கிறது. இந்தக் கருவிகளிடம் அறிவு குறைவு என்று நான் நினைக்கவில்லை. உங்களைத் திருப்பிக் கேட்கும் பழக்கம்தான் குறைவு.

2025 ஆகஸ்டில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அறுபது வயதுக்காரர். உப்பு கெடுதல் என்று படித்துவிட்டு, உப்பில் உள்ள குளோரைடையே உணவிலிருந்து ஒழித்துவிடத் தீர்மானித்தார். சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் விசாரித்தபின், சமையல் உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடை இணையத்தில் வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்று சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். தாகத்தால் தவித்தும், கொடுத்த தண்ணீரைச் சந்தேகத்தோடு பார்த்தார். புரோமைடு நஞ்சு, இன்று மருத்துவர்களே அரிதாகப் பார்க்கும் ஒன்று. அவருடைய பழைய உரையாடல் மருத்துவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களே அந்தக் கருவியின் பழைய பதிப்பிடம் குளோரைடுக்கு மாற்று என்ன என்று கேட்டுப் பார்த்தார்கள். புரோமைடும் பதிலில் இருந்தது. சூழலைப் பொறுத்தது என்றும் சொன்னது. ஆனால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்கவில்லை. சலவைக்கும் சுத்தம் செய்வதற்கும் ஒரு ரசாயனத்துக்குப் பதில் இன்னொன்று சரியான விடையாக இருக்கலாம். சாம்பாரில் போடுவதற்கு அல்ல.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதையே பெரிய அளவில் அளந்து பார்த்தார்கள். பிரிட்டனில் 1,298 பேரிடம் நோய் அறிகுறிக் கதைகளைக் கொடுத்தார்கள். கதையை அப்படியே கருவியிடம் ஊட்டினால், பத்தில் ஒன்பதுக்கும் மேல் பொருத்தமான நோயைச் சொன்னது. அதே கருவியோடு சாதாரண மனிதர்கள் பேசிக் கண்டுபிடிக்க முயன்றபோது, மூன்றில் ஒருவர்தான் தேறினார். கருவி இல்லாமல் வழக்கம்போலத் தேடியவர்களைவிட இவர்கள் மேலாக இல்லை. இடையில் நடந்த பேச்சில்தான் சரக்கு சிந்திவிடுகிறது. எதைச் சொல்ல வேண்டும் என்று நோயாளிக்குத் தெரியாது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த மருத்துவர் அங்கே இல்லை.

என்னிடம் வந்த பெரியவர் ஒருவர் தன் வயது, எடை, உயரம் எல்லாம் கொடுத்து, பதினாறு மணி நேர விரதத் திட்டம் ஒன்றைச் செயலியிடம் வாங்கிப் பின்பற்றினார். திட்டம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காலையில் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை, செயலியும் கேட்கவில்லை. அந்த மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு கரும்புச்சாறு கொடுத்ததால் பிழைத்தார். கடைக்காரர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? ‘ஐயா, சர்க்கரை மாத்திரை போடுறீங்களா?’

ஆகையால் செயலியிடம் ‘திட்டம் போட்டுக் கொடு’ என்று இனிமேல் கேட்காதீர்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘எனக்கு ஆலோசனை எதுவும் இப்போது வேண்டாம். ஒரு நல்ல உணவு ஆலோசகர் என்னிடம் என்னென்ன கேட்பாரோ, அவற்றை ஒவ்வொன்றாகக் கேள். நான் பதில் சொன்ன பிறகு அடுத்ததைக் கேள்.’ மாத்திரை, மற்ற நோய்கள், ஹீமோகுளோபின், வீட்டில் சமைப்பது யார், இரவு எத்தனை மணிக்குச் சாப்பாடு, அலுவலகத்தில் எத்தனை டீ, எத்தனை கரண்டிச் சர்க்கரை என்று கேட்டுக்கொண்டே போகும். கேள்விகளுக்குப் பதில் எழுதும்போதே பாதி வைத்தியம் உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கேள்வி பதிலை ஒரு பக்கமாகச் சுருக்கித் தரச் சொல்லி, மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். ஐந்து நிமிடத்தில் ஆளை அனுப்பும் அவசரத்தில் இருப்பவர்கூட அந்த ஒரு பக்கத்தைப் படிப்பார். ஆய்வக அறிக்கையைப் படமெடுத்து ஏற்றுவதாக இருந்தால், பெயரும் கைபேசி எண்ணும் உள்ள பகுதியை மறைத்துவிட்டு எடுங்கள். மாத்திரையைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது எல்லாம் அதனிடம் பேசவே வேண்டாத சங்கதிகள்.

அது உங்களைப் புகழ்ந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு எதற்கெடுத்தாலும் ஆமாம் சாமி போடுகிறது என்று பயனர்கள் புகார் சொல்ல, நிறுவனமே அதைச் சில நாட்களில் திரும்பப் பெற்றது. நான்கரைக்கு எழப்போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது உங்கள் செயலி ‘அருமையான முடிவு’ என்றதாக எழுதியிருக்கிறீர்கள். இரவு பதினொன்றுக்குப் படுக்கிறவர் நான்கரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். உங்கள் மனைவியிடம் சொல்லியிருந்தால் அப்போதே இடித்துச் சொல்லியிருப்பார்.

சரி, உருப்படியாக என்ன செய்வது? ராமச்சந்திரன் குழுவின் இன்னோர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 35 முதல் 55 வயது வரையுள்ள 537 ஆண்கள், எல்லோரும் உங்களைப்போல வாசற்படியில் நிற்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் ஆலோசனை தரப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் அதன்பின் கைபேசியில் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. இரண்டாண்டு முடிவில், செய்தி வராதவர்களில் 27 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி வந்தவர்களில் 18 சதவீதத்தினருக்குத்தான். 2013இல் வெளியான ஆய்வு இது. அதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. ‘சாப்பாட்டில் காய் சேர், கொஞ்சம் நட’ என்கிற மாதிரியான எஸ்எம்எஸ். அறிவுரை எல்லோருக்கும் ஒன்றுதான். விடாமல் நினைவூட்ட ஓர் ஆள் இருந்ததுதான் வேறுபாடு. உங்கள் செயலியை அந்த எஸ்எம்எஸ் ஆளாக வைத்துக்கொள்ளுங்கள், குருவாக வேண்டாம்.

என் முக்கிய யோசனை இது: இரவுச் சாப்பாட்டுக்குப்பின் பத்து நிமிட நடை. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 2016இல் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்துப் பார்த்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் அரை மணி நடப்பதைவிட, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப்பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவு உணவுக்குப்பின் 22 சதவீதம். காரணம் எளிது. வேலை செய்யும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நாம் மாவுச்சத்தை அதிகம் தின்றுவிட்டு அசையாமல் உட்காரும் நேரமும் அதுதான். ‘தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டுவேன்’ என்று ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். அதோடு தட்டில் முதலில் பொரியலையும் சுண்டலையும் முடித்துவிட்டுச் சாதத்துக்கு வாருங்கள். அதுவும் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும் என்று சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு மாதத்துக்கு வேறெதையும் தொடாதீர்கள்.

இப்போது உங்கள் மின்னஞ்சல். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்துக் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்குச் சாதாரண உரையாடல் செயலி. இன்னொரு பிரிவுக்கு விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு அமைத்த செயலி. பயிற்சியில் முதல் பிரிவு 48 சதவீதமும் இரண்டாம் பிரிவு 127 சதவீதமும் மேலாகச் செய்தன. பிறகு செயலியைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தார்கள். சாதாரணச் செயலியோடு படித்தவர்கள், அதைக் கண்ணாலேயே காணாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு மட்டும் பெற்ற பிரிவுக்கு அந்தச் சரிவு இல்லை. படித்துத் தேர்ந்த மருத்துவர்களும் இதற்கு விலக்கல்ல. போலந்தில் நான்கு மையங்களில், பெருங்குடலில் கட்டி தேடும்போது செயற்கை நுண்ணறிவின் துணைக்குப் பழகியபின், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டி கண்டுபிடிக்கும் விகிதம் 28.4இலிருந்து 22.4 சதவீதமாக இறங்கியதாக 2025இல் எழுதினார்கள். அது ஒன்றே காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் உங்களுக்கு நேர்ந்ததோடு பொருந்திப் போகிறது.

மின்னஞ்சலிலும் உணவிலும் நீங்கள் செய்தது ஒன்றுதான்: விடையைக் கேட்டு வாங்கினீர்கள். இனி நாலு வரியைத் தப்பும் தவறுமாக நீங்களே எழுதுங்கள். ‘திருத்தி எழுதாதே; எந்த வரியில் என்ன பிழை என்று மட்டும் சொல், நான் திருத்துகிறேன்’ என்று கேளுங்கள். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும், நேரமும் பிடிக்கும். கப்பல் கிளம்பும் நாளன்று வாங்குபவருக்கு அனுப்பும் அவசரக் கடிதத்தில் இந்தப் பரிசோதனை வேண்டாம். அதை அதுவே எழுதட்டும்.

அந்த எட்டுப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும். இரவு எத்தனை கரண்டிச் சாதம், அதன்பின் எத்தனை நிமிட நடை என்ற இரண்டு எண்களை மட்டும் அதில் தினமும் எழுதி வாருங்கள். விட்டுப்போன நாளில் பூச்சியம் போட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் அதே சோதனையை எடுங்கள். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.